இரண்டு எலும்பு, ஒரு சுழற்சி

வலது முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். இடது கை விரல்களால் வலது முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து விளிம்பைத் தடவிப் பாருங்கள். முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு வரை தோலுக்கு அடியிலேயே ஓடும் ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் பெயர் அல்னா. இப்போது முழங்கையை நகர்த்தாமல் உள்ளங்கையை மறுபக்கம் திருப்புங்கள். அல்னா ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. கட்டைவிரல் பக்கம் இருந்த ரேடியஸ் எலும்போ, அதைக் குறுக்காகத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. ரேடியஸின் மேல்முனை நின்ற இடத்திலேயே சுழல, கீழ்முனை கையையும் சுமந்துகொண்டு அல்னாவைச் சுற்றி அரைவட்டம் அடித்திருக்கிறது.

இந்த அரைவட்டம் இல்லாமல் ஒரு நாளைக் கழிப்பது கடினம். கோயிலில் திருநீறு வாங்க உள்ளங்கையை ஏந்துகிறோம். முகம் கழுவத் தண்ணீர் அள்ளுகிறோம். பூட்டில் சாவியைத் திருப்புகிறோம். தட்டிலிருந்து எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது கவிழ்ந்திருந்த கை நிமிர்கிறது. கணிப்பொறியில் தட்டச்சு செய்ய மறுபடி கவிழ்கிறது. ஆரோக்கியமான முன்கை இப்படி ஏறக்குறைய 150 முதல் 170 டிகிரி வரை திரும்பும்.

முன்கை எலும்புகள் உடைந்து, கூடவே மணிக்கட்டும் நொறுங்கினால் ஆபத்துக்கு உள்ளாவது இந்தச் சுழற்சி. எலும்பு ஒட்டுவது பெரும்பாலும் நடந்துவிடும். கை பழையபடி திரும்புமா என்பதே கேள்வி. உலோகத் தகடும் திருகும் கொண்டு செய்யும் அறுவை சிகிச்சையை இந்தக் கேள்வியிலிருந்து பார்த்தால்தான் அதன் கணக்கு புரியும்.

வளைவில் இருக்கும் வித்தை

எக்ஸ்ரே படத்தில் ரேடியஸை உற்றுப் பார்த்தால் அது நேராக இருக்காது. நடுப்பகுதி கட்டைவிரல் பக்கமாக மெல்ல வெளியே வளைந்திருக்கும். வாளியின் கைப்பிடி வளைந்திருப்பதால்தான் அதை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தடையில்லாமல் சாய்க்க முடிகிறது. ரேடியஸின் வளைவும் அப்படித்தான். கை கவிழும்போது அல்னாவின்மேல் முட்டிக்கொள்ளாமல் அதைத் தாண்டிச் செல்ல அந்த வளைவு இடம் கொடுக்கிறது. வளைவு நேராகிவிட்டால் எலும்பு உறுதியாகக் கூடியிருந்தாலும் கை பாதி வழியில் நின்றுவிடும்.

இரண்டு எலும்புகளும் மேலே முழங்கை அருகிலும் கீழே மணிக்கட்டு அருகிலும் ஒன்றோடொன்று மூட்டாகப் பொருந்துகின்றன. இடையில் முழுநீளத்துக்கும் வலுவான நார்ச்சவ்வு ஒன்று அவற்றைப் பிணைக்கிறது. ஆகவே அறுவை மருத்துவர்கள் இன்று முன்கை முழுவதையும் ஒரே மூட்டாகவே கருதுகிறார்கள். முழங்கால் மூட்டின் பரப்பு உடைந்தால் அதை எவ்வளவு துல்லியமாகப் பொருத்த வேண்டுமோ, அதே துல்லியம் முன்கை எலும்பின் நடுத்தண்டுக்கும் வேண்டும்.

எவ்வளவு துல்லியம்? 1982-இல் மேத்யூஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் இறந்தவர்களின் கைகளில் இதைச் சோதித்தார்கள். இரண்டு எலும்புகளையும் 10 டிகிரி கோணலாகப் பொருத்தியபோது சுழற்சி பெரிதாகக் குறையவில்லை. கோணல் 20 டிகிரி ஆனபோது பயன்பாட்டைப் பாதிக்கும் அளவுக்குச் சுழற்சி பறிபோனது. பத்து டிகிரி என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத சாய்வு. வெளியே பார்க்கக் கை நேராகத்தான் இருக்கும்.

மணிக்கட்டில் கணக்கு மில்லிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. கையை ஊன்றும்போது மணிக்கட்டின் வழியாக வரும் பாரத்தில் ஐந்தில் நான்கு பங்கை ரேடியஸும் மீதியை அல்னாவும் தாங்குகின்றன. ரேடியஸ் நொறுங்கிச் சற்றுக் குட்டையாகிவிட்டால் அல்னா அதைவிட நீண்டுவிடுகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த பாமரும் வெர்னரும் 1984-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, அல்னா வெறும் 2.5 மில்லிமீட்டர் நீண்டாலே அதன்மேல் விழும் பாரம் 18 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக ஏறுகிறது. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் பல வருடங்கள் நீடிக்கும் வலிக்கு இதுவே பல நேரங்களில் காரணம்.

ரேடியஸின் கீழ்முனைக்கென்று தனி வடிவம் உண்டு. அது உள்ளங்கைப் பக்கம் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும். கட்டைவிரல் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் பக்கமாகச் சுமார் 22 டிகிரி சரிந்திருக்கும். விழும்போது கையை ஊன்றுவதால் வரும் முறிவில் இந்தச் சாய்வு பெரும்பாலும் தலைகீழாகிப் புறங்கைப் பக்கம் திரும்பிவிடுகிறது. தகடு பொருத்துபவர் மீட்டெடுக்க வேண்டிய எண்கள் இவை.

ஓரிடத்தில் உடைந்தால் இன்னோரிடத்தையும் பார்

1814 எலும்பு முறிவின் வரலாற்றில் ஒரு முக்கியமான ஆண்டு. டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆப்ரகாம் காலிஸ், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் உடைவதை அந்த ஆண்டு விவரித்து எழுதினார். அதுவரை பலரும் அதை மணிக்கட்டு பிசகியதாகவே எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரில் மான்டெஜியா, அல்னா உடைவதோடு முழங்கையருகே ரேடியஸின் தலை கழன்றுபோவதைப் பதிவு செய்தார். ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தது 1895-இல். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, தொட்டுப் பார்க்கும் விரல்களையும் இறந்தவர் உடலைப் பிரித்துப் பெற்ற அறிவையும் மட்டுமே கொண்டு இவர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.

1934-இல் மிலானைச் சேர்ந்த இன்னொரு மருத்துவர் கலியாட்ஸி, ரேடியஸின் கீழ்த்தண்டு உடையும்போது மணிக்கட்டருகே அல்னாவின் தலை இடம் பெயர்வதை விளக்கினார். 1951-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் லொப்ரெஸ்டி, முழங்கையருகே ரேடியஸின் தலை நொறுங்கும்போது நடுவிலுள்ள சவ்வு நெடுகக் கிழிந்து மணிக்கட்டு மூட்டும் விடுபடும் காயத்தை எழுதினார்.

மான்டெஜியா, கலியாட்ஸி, எஸ்ஸெக்ஸ் லொப்ரெஸ்டி ஆகிய மூன்று பெயர்களும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. இரண்டு முனைகளிலும் பிணைக்கப்பட்ட வளையம் ஓரிடத்தில் மட்டும் உடைந்து பெரிதாக விலகுவது அரிது. ஒரு பக்கம் முறிந்து விலகினால் இன்னொரு பக்கமும் ஏதோ ஒன்று முறிந்திருக்கும், கழன்றிருக்கும் அல்லது கிழிந்திருக்கும். ஆகவே முன்கை முறிவுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது முழங்கையும் மணிக்கட்டும் படத்தில் தெரிய வேண்டும், இரண்டு கோணங்களில் எடுக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. உடைந்த இடத்தை மட்டும் எடுத்த படம் பாதி உண்மையைத்தான் காட்டும்.

மாவுக்கட்டின் எல்லை

நாம் மாவுக்கட்டு என்று சொல்லும் கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொடை. 1850-களின் தொடக்கத்தில் டச்சு ராணுவ மருத்துவர் அன்டோனியஸ் மதைசன், துணிச்சுருளில் ஜிப்சப் பொடியைத் தேய்த்து நீரில் நனைத்துக் கட்டும் முறையைப் பரப்பினார். பல முறிவுகளுக்கு இன்றும் அது சிறந்த சிகிச்சை. குழந்தைகளின் முன்கை முறிவுகளில் பெரும்பாலானவை மாவுக்கட்டிலேயே சரியாகிவிடும். வளரும் எலும்பு சிறு கோணல்களைத் தானே திருத்திக்கொள்ளும்.

வளர்ந்தவர்களின் முன்கையில் நிலைமை வேறு. ரேடியஸைத் திருப்பும் தசைகள் அதன் நீளத்தில் வெவ்வேறு இடங்களில் ஒட்டியிருக்கின்றன. மேலே ஒட்டியிருப்பவை கையை நிமிர்த்தும். நடுவிலும் கீழேயும் ஒட்டியிருப்பவை கவிழ்க்கும். எலும்பு நடுவில் உடைந்ததும் மேல்துண்டு ஒரு திசையிலும் கீழ்த்துண்டு எதிர்த்திசையிலும் முறுக்கப்படும். மாவுக்கட்டு வெளியிலிருந்து தோலையும் தசையையும் பிடித்துக்கொள்ளும். உள்ளே நடக்கும் இந்த முறுக்கைப் பிடித்து நிறுத்த அதனால் முடியாது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள கேம்ப்பெல் கிளினிக்கில் நைட்டும் பர்விஸும், இரண்டு முன்கை எலும்புகளும் உடைந்த பெரியவர்களின் சிகிச்சை விளைவுகளைத் தொகுத்து 1949-இல் வெளியிட்டார்கள். கட்டு மட்டும் போட்டவர்களில் 71 விழுக்காட்டினருக்கு விளைவு திருப்தியாக இல்லை. எலும்பு கூடாமல் போனது, கோணலாகக் கூடியது, கை திரும்ப மறுத்தது என்று காரணங்கள் பல. சிகிச்சை பெற்ற பத்துப் பேரில் ஏழு பேர் குறையோடு வாழ்ந்தார்கள் என்றால் மாற்றுவழி தேடத்தான் வேண்டும்.

உலோகம் உள்ளே போன கதை

அந்த மாற்றுவழிக்கான முயற்சி முன்பே தொடங்கிவிட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஹன்ஸ்மன் 1886-இல் உலோகத் தகடும் திருகும் கொண்டு எலும்பைப் பொருத்திய விவரத்தை வெளியிட்டார். தகட்டின் ஒரு முனையும் திருகுகளின் தண்டும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சில வாரங்கள் கழித்து மறுபடி அறுக்காமல் கழற்றிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். அடுத்து லண்டனில் ஆர்பத்நாட் லேன் எஃகுத் தகடுகளைப் பயன்படுத்தினார். காயத்தை விரலால் தொடாமல் கருவிகளால் மட்டுமே கையாளும் கண்டிப்பான முறையையும் வகுத்தார். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஆல்பின் லாம்பாட் தகடுகளையும் கருவிகளையும் தாமே வடிவமைத்தார்.

இவர்களைத் தோற்கடித்தவை இரண்டு. ஒன்று தொற்று. அன்று ஆன்டிபயாடிக் மருந்துகள் இல்லை. மற்றொன்று துரு. உடல் திரவம் உப்பு நீர். அதில் எஃகு அரிக்கும். இரண்டு வகை உலோகங்களைக் கலந்து பொருத்தினால் சிறு மின்கலம்போல் மின்னோட்டம் உண்டாகி அரிப்பு இன்னும் வேகமாகும். அமெரிக்க மருத்துவர்கள் வெனபிளும் ஸ்டக்கும் 1930-களில் இதை நிறுவினார்கள். இன்று தகடுகள் 316எல் என்ற வகைத் துருப்பிடிக்காத எஃகிலோ டைட்டானியக் கலவையிலோ செய்யப்படுகின்றன. தகடும் திருகும் ஒரே உலோகமாக இருக்க வேண்டும் என்பதற்கு வெனபிளும் ஸ்டக்கும் கண்டதே அடிப்படை.

மூன்றாவது தடை அறிவு சார்ந்தது. தகடு வைத்தால் எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. பெல்ஜியத்தின் ராபர்ட் டேனிஸ் இதில் முக்கியமான ஒன்றைக் கவனித்தார். முறிந்த முனைகளை இறுக்கி அழுத்திவைத்தால், வழக்கமாக முறிவைச் சுற்றி வளரும் திரட்சி எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. எலும்பு நேரடியாக எலும்போடு கூடிவிடுகிறது. இதை 1949-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். மறு ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் இளம் மருத்துவர் மொரீஸ் முல்லர் பிரஸ்ஸல்ஸ் சென்று அவரைப் பார்த்தார். 1958-இல் முல்லரும் அவருடைய நண்பர்களும் பீல் நகரில் கூடி ஏஓ என்ற ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு டாவோஸில் ஆய்வகம் அமைந்தது. ஒவ்வோர் அறுவையையும் பதிவு செய்வது, விளைவை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது, கருவிகளை ஒரே அளவில் தரப்படுத்துவது, மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஆகிய நான்கும் அவர்கள் பிடித்துக்கொண்ட கொள்கைகள்.

பலன் என்ன? 1949-இல் கட்டுச் சிகிச்சையின் தோல்வியைச் சொன்ன அதே மெம்பிஸ் நகரிலிருந்து 1975-இல் ஆண்டர்சனும் சகாக்களும் எழுதினார்கள். அழுத்தத் தகடு பொருத்திய 330 முன்கை முறிவுகளில் ரேடியஸ் 97.9 விழுக்காடும் அல்னா 96.3 விழுக்காடும் கூடிவிட்டன. கால் நூற்றாண்டில் நடந்த மாற்றம் இது. அன்றிலிருந்து, வளர்ந்தவர்களின் இரட்டை முன்கை முறிவுக்குத் தகடு என்பது உலகெங்கும் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது.

தகடு எப்படி வேலை செய்கிறது

அழுத்தத் தகட்டின் துளையை அருகில் பார்த்தால் அது வட்டமாக இருக்காது. நீள்வட்டமாக, ஒரு பக்கம் சரிவாகக் கடைந்திருக்கும். திருகின் தலை அடியில் உருண்டையானது. திருகைச் சரிவின் மேட்டுப் பக்கத்தில் நுழைத்து முடுக்கினால் உருண்டைத் தலை சரிவில் வழுக்கி இறங்கும். திருகு எலும்பில் ஊன்றியிருப்பதால், இறங்கும்போது அந்த எலும்புத் துண்டையே முறிவை நோக்கி நகர்த்தும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்வு. முறிந்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ள அது போதும். தனியாக இறுக்கும் கருவி எதுவும் இல்லாமல் ஒரு துளையின் வடிவமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இந்த நெருக்கம் ஏன் தேவை? டாவோஸ் ஆய்வகத்தைப் பல ஆண்டுகள் நடத்திய ஸ்டீஃபன் பெரன் தந்த விளக்கம் எளிமையானது. எந்தத் திசுவும் ஓரளவுக்குமேல் இழுபட்டால் உருவாகவே முடியாது. காயத்தில் முதலில் வளரும் மென்திசு தன் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இழுபட்டாலும் தாங்கும். குருத்தெலும்பு 10 விழுக்காடு தாங்கும். எலும்பு 2 விழுக்காட்டுக்குமேல் தாங்காது. முறிவின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்றால், அது 0.02 மில்லிமீட்டருக்குமேல் அசைந்தால் அங்கே எலும்பு நேரடியாக உருவாகாது. இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முதலில் மென்திசு, பிறகு குருத்தெலும்பு, பிறகு எலும்பு என்று படிப்படியாக அசைவைக் குறைத்துக்கொண்டே போகும். முறிவைச் சுற்றித் திரளும் கேலஸ் இப்படி வருவதுதான்.

தகடு அழுத்திப் பிடித்து அசைவை ஏறக்குறைய நிறுத்திவிட்டால் இந்தப் படிகள் தேவையில்லை. எலும்பை அரிக்கும் செல்கள் முன்னே நுண்ணிய சுரங்கம் தோண்டிக்கொண்டு முறிவுக் கோட்டைக் கடக்கின்றன. எலும்பைக் கட்டும் செல்கள் பின்னாலேயே வந்து அந்தச் சுரங்கத்தைப் புது எலும்பால் நிரப்புகின்றன. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நகராத மெதுவான வேலை இது. மாதக்கணக்கில் நடக்கும். முன்கைக்கு இந்த வழி பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. வடிவம் அணுவளவும் மாறாமல் எலும்பு கூடுகிறது, திரட்சி வளர்ந்து சுழற்சிக்குக் குறுக்கே நிற்பதில்லை.

எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்தால் அழுத்துவதற்கு முனைகளே இருக்காது. அழுத்தினால் எலும்பு குட்டையாகிவிடும். அங்கே தகடு பாலமாக நிற்கிறது. மேலே நல்ல எலும்பையும் கீழே நல்ல எலும்பையும் பிடித்துக்கொண்டு, நீளத்தையும் கோணத்தையும் முறுக்கத்தையும் காக்கிறது. இடையில் உள்ள துண்டுகளை அவற்றின் ரத்த ஓட்டத்தோடு அப்படியே விட்டுவிடுகிறது. கேலஸ் அவற்றை இணைக்கிறது.

மணிக்கட்டில் இன்னொரு சிக்கல். ரேடியஸின் கீழ்முனை உள்ளே பஞ்சுபோன்ற எலும்பால் ஆனது. முதியவர்களில் அது இன்னும் மெலிந்திருக்கும். சாதாரணத் திருகு அதில் பிடிப்பின்றிச் சுற்றும். இதற்கு வந்த தீர்வு பூட்டுத் தகடு. திருகின் தலையிலும் மரை உண்டு, தகட்டின் துளையிலும் மரை உண்டு. முடுக்கியதும் திருகும் தகடும் ஒரே பொருளாகிவிடுகின்றன. திருகு எலும்பைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. மூட்டுப் பரப்புக்கு அடியில் வரிசையாக நின்று அதைத் தாங்கினால் போதும். 2000-களின் தொடக்கத்தில் மயாமியைச் சேர்ந்த ஹோர்ஹே ஓர்பே இத்தகைய தகட்டை உள்ளங்கைப் பக்கத்திலிருந்து வைக்கும் முறையைப் பரப்பினார். புறங்கைப் பக்கம் தசைநாண்கள் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன, தகடு அவற்றை உரசும். உள்ளங்கைப் பக்கத்தில் இடையில் ஒரு தசை மெத்தையாக இருக்கிறது.

அறுவை அரங்கில்

இரு சக்கர வண்டியிலிருந்து வேகமாகத் தூக்கியெறியப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். அல்னா நடுவில் உடைந்திருக்கிறது. ரேடியஸ் தண்டிலும் உடைந்து மணிக்கட்டருகிலும் நொறுங்கியிருக்கிறது. இந்தக் கூட்டு முறிவை எப்படி அணுகுவார்கள்?

கழுத்தெலும்பின் அருகே நரம்புத் தொகுப்பைச் சுற்றி மருந்து செலுத்திக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம், அல்லது முழு மயக்கம் கொடுக்கலாம். மேல்கையில் காற்றுப்பட்டை கட்டி ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்துவார்கள். அதை இரண்டு மணி நேரத்துக்குமேல் நீட்டிக்காமல் பார்த்துக்கொள்வார்கள். ரேடியஸுக்கு முன்பக்கம் ஒரு கீறல். அல்னாவுக்கு, நீங்கள் தொட்டுப் பார்த்த அந்த விளிம்பில், தனியாக ஒரு கீறல். ஒரே கீறலில் இரண்டையும் எட்டிவிடலாம் என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே புது எலும்பு பாலமாக வளர்ந்து இரண்டையும் ஒட்டிவிடும் ஆபத்து அதிகம். ஒட்டிவிட்டால் சுழற்சி முடிந்தது.

எளிதாகப் பொருத்தக்கூடிய முறிவை முதலில் சேர்ப்பது பொது வழக்கம். இவருக்கு அது அல்னா. அது சரியான நீளத்தில் நின்றுவிட்டால் ரேடியஸ் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல். 3.5 மில்லிமீட்டர் திருகுக்கு 2.5 மில்லிமீட்டர் துளை போடுவார்கள். துளைக்கருவி எலும்பின் முதல் சுவரைக் கடினமான ஒலியோடு துளைக்கும், உள்ளே உள்ள வெற்றிடத்தில் சட்டென்று இளகும், எதிர்ச்சுவரில் மறுபடி கடினமாகும். அந்த ஒலி மாறும் கணத்தில் கையை நிறுத்தப் பழகியிருக்க வேண்டும். சுவருக்கு அப்பால் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கின்றன. துளைக்கும்போது உப்புநீரை ஊற்றிக் குளிர்விப்பார்கள். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த இடத்துச் செல்கள் பாதிக்கப்படும். செத்த எலும்பில் திருகு தளரும். முறிவின் இருபுறமும் தலா மூன்று திருகுகளாவது எலும்பின் இரண்டு சுவர்களையும் பிடிக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு.

அடுத்து ரேடியஸ். தண்டுக்கு ஒரு தகடும் மணிக்கட்டுக்கு ஒரு தகடுமாக இரண்டு வைக்கலாம். இரண்டின் முனைகளும் நெருங்கி நின்றால் இடைப்பட்ட சிறு எலும்புப் பகுதியில் விசையெல்லாம் குவியும். பிற்பாடு சிறிய விழுகையிலும் அங்கே உடையலாம். எனவே தகடுகளை ஒன்றையொன்று தாண்டி அமையும்படி வைப்பார்கள், அல்லது மணிக்கட்டு முதல் தண்டு வரை நீளும் ஒரே தகட்டைப் பயன்படுத்துவார்கள். அந்த நீளத்தகட்டில்தான் பெரிய பொறி ஒளிந்திருக்கிறது. நேரான தகட்டை வளைந்த எலும்பில் வைத்து முடுக்கினால் எலும்பு தகட்டின் வடிவத்துக்கு வந்துவிடும். வளைவு போய்விடும், எக்ஸ்ரே அழகாக இருக்கும், கை திரும்பாது. வளைவோடு வார்த்த தகட்டைத் தேர்ந்தெடுப்பதும் அதைச் சரியாக அமர்த்துவதும் இந்த அறுவையின் மிக முக்கியமான தருணங்கள்.

மணிக்கட்டுத் திருகுகள் மூட்டுக்குள் நுழையக் கூடாது. புறங்கைச் சுவரைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கவும் கூடாது. எட்டிப் பார்த்தால் அங்கே ஓடும் தசைநாண்களை அறுக்கும். தகட்டின் விளிம்பு எலும்பின் உள்ளங்கைப் பக்க மேட்டைத் தாண்டிக் கீழே போனாலும் ஆபத்து. கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அதில் உரசி உரசி, மாதங்கள் கழித்து ஒரு நாள் அறுந்துபோகலாம்.

இறுதியில் செய்யும் சோதனை எளிமையானது. தோலைத் தைப்பதற்கு முன், மேசையிலேயே நோயாளியின் கையை முழுவதும் நிமிர்த்தி, முழுவதும் கவிழ்த்துப் பார்ப்பார்கள். மணிக்கட்டருகே அல்னாவின் தலை தன் இடத்தில் நிற்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார்கள். அது வழுக்கினால் அந்த மூட்டையும் கம்பி கொண்டு சில வாரங்களுக்கு நிறுத்திவைக்க வேண்டும். எலும்பை மட்டும் சேர்த்துவிட்டு இந்தச் சோதனையைத் தவிர்த்தால், நல்ல அறுவையும் வீணாகும்.

தகடு தேவைப்படாத இடங்கள்

நல்ல கருவி கையில் இருப்பதால் எல்லா முறிவுக்கும் அதையே பயன்படுத்த வேண்டியதில்லை. மணிக்கட்டு மட்டும் உடைந்தவர்களில் பூட்டுத் தகட்டையும் மெல்லிய கம்பிகளையும் ஒப்பிட்டு, பிரிட்டனில் 18 மருத்துவமனைகளில் 461 பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. கீறித் திறக்காமலேயே மூட்டுப் பரப்பைச் சீராக்கக்கூடிய முறிவுகள் அவை. ஓராண்டு கழித்து இரண்டு பிரிவினருக்கும் கையின் பயன்பாட்டில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கம்பிக்குச் செலவு குறைவு. ஆஸ்திரியாவில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் தகட்டையும் மாவுக்கட்டையும் ஒப்பிட்ட 2011-ஆம் ஆண்டு ஆய்வில், தகடு வைத்தவர்களின் எக்ஸ்ரே நன்றாக இருந்தது. ஓராண்டில் கையின் செயல்பாடு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது.

எனவே மணிக்கட்டு முறிவு மட்டும் என்றால், வயதையும் வேலையையும் எலும்பின் தன்மையையும் பார்த்து முடிவெடுக்கலாம். முன்கைத் தண்டும் சேர்ந்து உடைந்த வளர்ந்தவர்களுக்கு அந்தத் தாராளம் இல்லை. அங்கே தகட்டின் பயன் உறுதியானது.

எலும்புக்கும் உலோகத்துக்கும் ஒரு பந்தயம்

தகடு நிரந்தரமாகப் பாரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. எஃகு எலும்பைவிடப் பத்து மடங்கு விறைப்பானது, டைட்டானியம் அதில் பாதி. ஆனாலும் எந்த உலோகமும் மீண்டும் மீண்டும் வளைந்தால் சோர்ந்து உடையும். எலும்பு கூடாமல் போனால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தகடும் ஒரு நாள் உடையும். பந்தயத்தில் எலும்பு முந்த வேண்டும். அதைப் பின்னுக்கு இழுப்பவற்றில் புகைபிடித்தல் முதன்மையானது. கட்டுப்படாத சர்க்கரை நோயும் அப்படியே. இந்த இரண்டும் நோயாளியின் கையில் இருப்பவை.

எலும்பு கூடிய பின் தகட்டை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. முன்கையில் தகட்டைச் சீக்கிரம் எடுத்தால் திருகுத் துளைகள் வழியே எலும்பு மறுபடி உடையும் வாய்ப்பு உண்டு. தொந்தரவு எதுவும் கொடுக்காத தகட்டை வளர்ந்தவர்களில் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். எடுப்பதென்றாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் காத்திருப்பார்கள்.

வாசகர் நினைவில் வைக்க வேண்டியவை

முன்கையின் தசைகள் நீட்சியில்லாத உறைகளுக்குள் இருக்கின்றன. முறிவுக்குப் பின் வீக்கம் ஏறினால் உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நின்றுவிடலாம். சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். விரல்கள் மடங்கியபடி இறுகிப்போகும் அந்த நிரந்தர ஊனத்தை 1881-இல் ஜெர்மனியின் ஃபோல்க்மன் விவரித்தார். அளவுக்கு மீறி இறுகிய கட்டு அதற்குப் பெரிய காரணம். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டானாலும், ஊரில் பலரும் முதலில் நாடும் புத்தூர் கட்டானாலும் இது பொருந்தும். கட்டுப் போட்ட பிறகு வலி குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனால், விரலைப் பிறர் நீட்டிவிடும்போது தாங்க முடியாத வலி வந்தால், விரல்கள் மரத்துப்போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே கட்டைத் தளர்த்தச் செய்து மருத்துவமனைக்குப் போங்கள். முறிவின்மேல் ரத்தக்காயம் இருந்தாலும் தாமதம் கூடாது. கழுவுவதும் ஆன்டிபயாடிக் மருந்தும் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முழங்கையும் மணிக்கட்டும் எக்ஸ்ரேயில் பார்க்கப்பட்டனவா? இந்த முறிவுக்குத் தகடு ஏன், கம்பியோ கட்டோ ஏன் போதாது? எந்த நாளிலிருந்து விரல்களையும் முழங்கையையும் அசைக்கலாம்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை விரும்பவே செய்வார்.

அறுவை முடிந்த பின் வேலை உங்களுடையது. மருத்துவர் தடை சொல்லாதவரை, மறுநாளே விரல்களை முழுவதும் மடக்கி நீட்டத் தொடங்குங்கள். கையை இதயத்தைவிட உயரமாக வைத்திருங்கள். அசைந்தால் தகடு கழன்றுவிடும் என்று பயந்து கையை மாதக்கணக்கில் தூளியிலேயே தொங்கவிடுபவர்கள் பலர். எலும்பைத் தகடு பிடித்துக்கொள்ளும். மூட்டுகள் இறுகிப்போகாமல் பிடித்துக்கொள்ள எந்தத் தகடும் இல்லை.

ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருவருக்கு, நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்தால், அந்த முறிவைச் சரிசெய்வதோடு நின்றுவிடாதீர்கள். எலும்பு மெலிவு நோயின் முதல் அறிகுறி பல நேரங்களில் அதுதான். எலும்பின் அடர்த்தியைச் சோதித்துச் சிகிச்சையைத் தொடங்கினால், பின்னால் வரக்கூடிய இடுப்பெலும்பு முறிவைத் தடுக்கும் வாய்ப்பு கிடைக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.